நாக்கில் கட்டி: வலிக்கவில்லை என்பது நல்ல சேதி அல்ல

"வலிக்கவே இல்லையே டாக்டர், அதான் விட்டுட்டேன்." நாக்கின் ஓரத்தில் மூன்று மாதமாக ஒரு தடிப்பை வைத்துக்கொண்டு இப்படிச் சொல்பவர்கள் குறைந்தபாடில்லை. கூடவே பையிலிருந்து பாதி தீர்ந்த பி காம்ப்ளெக்ஸ் அட்டையும், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஜெல்லும் வெளியே வரும்.

இன்னொரு கூட்டம் நேர் எதிர். செல்போன் டார்ச்சில் நாக்கின் பின்பக்கம் பார்த்துவிட்டுத் தூக்கம் கெட்டவர்கள். அங்கே தொண்டையைப் பார்த்த அம்புமுனைபோல 8 முதல் 12 பெரிய மொட்டுகள் எல்லோருக்கும் இருக்கும். அவை சுவை மொட்டுகள் உள்ள மேடுகள். தயவுசெய்து டங் கிளீனரால் ரத்தம் வரச் சுரண்டாதீர்கள்.

நுனியில் திடீரென முளைத்துச் சுருக்கென்று குத்தும் சிவப்புப் பொட்டு, சூடான காபியாலோ கடிபட்டோ வந்திருக்கும். சில நாளில் போய்விடும். நடுவில் மஞ்சள், சுற்றிலும் சிவப்பு என்றால் வாய்ப்புண். ஒன்றிரண்டு வாரத்தில் ஆறும். அடிக்கடி வந்தால் ரத்தத்தில் இரும்பு, பி12 அளவைப் பாருங்கள். துடைத்தால் தயிர்போல வரும் வெள்ளைப் படலம் பூஞ்சை. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காதவர்களுக்கும், பல்செட்டைக் கழற்றாமல் தூங்குகிறவர்களுக்கும் வரும்.

இப்போது அந்த 'வலிக்கவில்லை'. வாய்ப்புண் கடுகளவுதான் இருக்கும், சாப்பிட விடாது. நாக்குப் புற்றுநோயோ தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலி வரும்போது வேர் ஆழமாகப் போயிருக்கும். அது அதிகம் வரும் இடம் நாக்கின் பக்க ஓரம். சுத்தமான கைக்குட்டையால் நுனியைப் பிடித்து இழுத்து, இரண்டு ஓரத்தையும் அடிப்பக்கத்தையும் பாருங்கள்; விரலால் தடவுங்கள். கல்போல அழுத்தமாக இருந்தாலோ, துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தாலோ, 2 வாரத்தைத் தாண்டினாலோ பல் மருத்துவரிடம் வாருங்கள். எதிரே உடைந்த கடைவாய்ப்பல் உரசுகிறதா என்றும் பார்ப்போம். அதைத் தேய்த்துவிட இரண்டு நிமிடம் போதும். மணத்தக்காளிக் கீரை நல்லதுதான், சாப்பிடுங்கள். பல்முனையை அது மழுக்காது.

சதை எடுத்துச் சோதித்தால் 'கத்தி பட்டுப் பரவிடும்' என்பது வீண் பயம். மரத்துப்போக ஊசி போட்டு, மிளகளவு எடுப்போம், அவ்வளவே.

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு, நாளைக்கு மூன்று நான்கு தடவை கொப்பளியுங்கள். காரம், புளிப்பைக் குறையுங்கள். படிகாரம், சுண்ணாம்பு எதையும் தேய்க்க வேண்டாம். புகையிலையை இன்றே துப்புங்கள். 'வெறும் பாக்குதானே' என்கிறவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட அறிக்கையிலேயே, புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய்க் காரணி.

கட்டியைப் பார்த்த அன்றே தினசரி காலண்டரில் தேதியைக் குறித்து வையுங்கள். 'கொஞ்ச நாளா இருக்கு' என்றால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது.