டொமைன் பெயர் வாங்கி விற்க நினைக்கும் யாழ்ப்பாணத்து இளையோருக்கு

யாழ்ப்பாணத்தில் கடைகளுக்கும் விருந்தினர் விடுதிகளுக்கும் சங்கங்களுக்கும் இணையத்தளம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். கூடவே டொமைன் பெயர்களை, அதாவது இணையத்தள முகவரிகளாகப் பயன்படும் பெயர்களை, வாங்கி விற்றும் வருகிறேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இந்த வியாபாரத்தைப் பற்றி விசாரித்து வருவது இப்போது அதிகரித்திருக்கிறது. அவர்களில் பலர் ஏதோ ஒரு காணொளியை நம்பி, வீட்டாரின் கடனட்டையில் பத்துப் பதினைந்து பெயர்களை வாங்கிய பிறகுதான் வருகிறார்கள். அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. வாங்குவதற்கு முன்னரே யாராவது அவர்களோடு பேசியிருக்க வேண்டும்.

காணொளிகளில் தவறாமல் வரும் உதாரணம் வொய்ஸ் டொட் கொம். 2019இல் அந்தப் பெயர் 3 கோடி டொலருக்கு விலைபோனது உண்மை. விற்றது மைக்ரோஸ்ட்ரடஜி என்ற பெரிய நிறுவனம். வாங்கியது சமூக வலைத்தளம் ஒன்றைத் தொடங்கவிருந்த, கையில் பெரும் முதல் வைத்திருந்த இன்னொரு நிறுவனம். எல்லோருக்கும் தெரிந்த ஒற்றை ஆங்கிலச் சொல், டொட் கொம் முடிவோடு, இன்று யாரும் தொடாமல் கிடப்பதில்லை. புதிதாக வருபவருக்குப் பத்து டொலரில் கிடைக்கும் பெயர், முன்னர் எவரும் வேண்டாத பெயர் என்பதை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்காக அது பயனற்றது என்று சொல்லவில்லை. அதற்கு ஆள் தேட வேண்டும், காத்திருக்க வேண்டும், காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் பணம் கட்ட வேண்டும்.

டொமைன் பெயரை வாங்கினேன் என்று சொல்கிறோமே தவிர, அது காணி உறுதி முடிப்பது போன்றதன்று. குத்தகை எடுப்பது போன்றது. டொட் கொம் பெயரை ஒரு தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்கே பதிவு செய்ய முடியும். டொட் கொம் பதிவேட்டை நடத்தும் வெரிசைன் நிறுவனம், பெயர்களை நமக்கு விற்பனை செய்யும் பதிவு நிறுவனங்களிடம் பெயர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 10.26 டொலர் அறவிடும் விலையை 2024 செப்டெம்பரில் கொண்டுவந்தது. அதற்கும் குறைவாக முதலாண்டு விலை போட்டிருந்தால், இரண்டாம் ஆண்டில் உங்களிடம் அதை மீட்டுக்கொள்வார்கள். ஐம்பது பெயர்கள், பெயருக்கு 12 டொலர் என்றால் ஆண்டுக்கு 600 டொலர். டொலரை 300 ரூபாயாகக் கணக்கிட்டாலும் 180,000 ரூபாய். ஒரு பெயர்கூட விற்காத ஆண்டிலும் இந்தத் தொகையைக் கட்டியே ஆக வேண்டும். தொடங்குபவருக்கு இரண்டு மூன்று பெயர்களுக்கு மேல் தேவையில்லை என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

அந்த இரண்டு மூன்றையும் எப்படித் தெரிவது? பணம் கட்டுவதற்கு முன், இதை வாங்கக்கூடிய பத்து வியாபாரங்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லையென்றால் வாங்காதீர்கள். நம்மூர்க் கடைகள் பெரும்பாலும் பேஸ்புக் பக்கத்தோடு திருப்தியடைந்துவிடுகின்றன. ஒரு பெயருக்கு நூற்றுக்கணக்கான டொலர் கொடுக்கும் வாடிக்கையாளரை அங்கே எதிர்பார்ப்பது கடினம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டு உறவுகளை எதிர்பார்க்கும் விடுதிகள், பனங்கட்டியும் ஒடியல் மாவும் ஏற்றுமதி செய்பவர்கள், ரொறன்ரோவிலும் லண்டனிலும் திருமண மண்டபமும் உணவு விநியோகமும் நடத்தும் நம்மவர்கள் ஆகியோருக்கு இணையத்தில் தேடிவரும் வாடிக்கையாளர் முக்கியம். அவர்களை மனத்தில் வைத்துத் தேடினால், தொழிலின் பெயரும் ஊரின் பெயரும் சேர்ந்த எளிய பெயர்கள் இன்னும் கிடைக்கின்றன.

இங்கே ஒரு சோதனை இருக்கிறது. பெயரைத் தொலைபேசியில் ஒரு தடவை சொல்லுங்கள். கேட்டவர் பிழையில்லாமல் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். தமிழ்ச் சொற்களில் இது பெரும் சிக்கல். யாழ்ப்பாணத்தில் வரும் ழகரத்துக்கு ஒருவர் எல் போடுவார், மற்றவர் இசட் எச் போடுவார், வேறொருவர் ஆர் எல் போடுவார். நெடிலுக்கு ஓர் ஏயா, இரண்டு ஏயா என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். இப்படி நாலு விதமாக எழுதக்கூடிய பெயரை வாங்குபவர், மற்ற மூன்றையும் சேர்த்து வாங்க வேண்டிவரும். அதை அறிந்த வணிகர் விலையைக் குறைத்தே கேட்பார். டொட் இலங்கை என்று முழுவதும் தமிழ் எழுத்திலேயே முடியும் பெயர்கள் 2010இலிருந்து இருக்கின்றன. சொந்தப் பாவனைக்கு அவற்றை மனமார விரும்புகிறேன். மறுவிற்பனைக்கு அவற்றில் சந்தை மிகச் சிறியது. இலங்கைக்குரிய டொட் எல்கே பெயர்களைப் பொறுத்தவரை, அவற்றை நிர்வகிக்கும், 1990இல் தொடங்கிய எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியின் விதிகளைத் தனியாக வாசித்துவிட்டு இறங்குங்கள்.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது வேறொன்று. பிறருடைய பெயரை வாங்கி வைத்துக்கொண்டு, அவர்களிடமே விலை பேசலாம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். கஸ்தூரியார் வீதியில் பெயர்பெற்ற நகைக்கடை ஒன்றுக்கு இணையத்தளம் இல்லை என்று கண்டதும், கடையின் பெயரைப் பதிவு செய்து, முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்புவது வியாபாரம் ஆகாது. டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐக்கான் அமைப்பு 1999இல் கொண்டுவந்த தகராறுத் தீர்வுக் கொள்கை டொட் கொம் பெயர் வைத்திருக்கும் அனைவரையும் கட்டுப்படுத்துகிறது. பெயர் தன் வியாபாரக் குறியை ஒத்திருக்கிறது, வைத்திருப்பவருக்கு நியாயமான உரிமை இல்லை, அவர் தீய நோக்கத்தோடு பதிவு செய்து பயன்படுத்துகிறார் என்ற மூன்றையும் முறைப்பாட்டாளர் காட்டினால் பெயர் கைமாறும். குறியின் உரிமையாளரிடமே, பதிவுச் செலவைவிடக் கூடிய விலைக்கு விற்பதற்காகப் பதிவு செய்வதைத் தீய நோக்கத்தின் சான்றாக அந்தக் கொள்கையே குறிப்பிடுகிறது. நீங்கள் அனுப்பிய அந்த வாட்ஸ்அப் தகவலே உங்களுக்கு எதிரான சாட்சியமாகிவிடும். இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வியாபாரக் குறிகளைப் பாதுகாக்கிறது. சட்டத்தை விடுங்கள், பாடசாலை, கோயில், சங்கம் ஆகியவற்றின் பெயர்களை இப்படிப் பிடித்து வைப்பதை நான் அறவே வெறுக்கிறேன்.

அதே பெயர்கள் எவரும் பறிக்காமலே தொலைந்துபோவதையும் பார்க்கிறேன். பழைய மாணவர் சங்கத்தின் பெயரை, உதவிசெய்த இளைஞர் தன் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்கிறார். பிறகு வெளிநாடு போய்விடுகிறார். புதுப்பிக்கும்படி வரும் அறிவித்தல்கள் எவரும் திறக்காத பெட்டிக்குப் போகின்றன. டொட் கொம் பெயர் காலாவதியானதும், பதிவு நிறுவனத்தைப் பொறுத்துச் சில வாரங்கள் சலுகைக் காலம் உண்டு. நிறுவனம் பெயரை நீக்கிய பிறகு 30 நாட்கள் மீட்புக் காலம். அதில் மீட்கக் கூடுதல் கட்டணம். அதற்குப் பின் 5 நாட்கள் எவராலும் தொட முடியாது. பிறகு பெயர் பொதுவெளிக்கு வந்துவிடும். பல நிறுவனங்கள் சலுகைக் காலத்திலேயே ஏலத்தில் விட்டுவிடுகின்றன. இப்படிப் போன பெயர்கள் சூதாட்ட விளம்பரத் தளங்களாக மாறியதைக் கண்டிருக்கிறேன். சிறியவர்களுக்கு மட்டும் நேரும் தவறு என்று எண்ண வேண்டாம். 1999 நத்தார் காலத்தில் மைக்ரோசொஃப்ட் நிறுவனமே, தன் ஹொட்மெயில் மின்னஞ்சலுக்குள் நுழையப் பயன்பட்ட பாஸ்போர்ட் டொட் கொம் பெயரைப் புதுப்பிக்கத் தவறி, ஹொட்மெயில் பாவனையாளர்கள் உள்ளே நுழைய முடியாமல் தவித்தார்கள். வெளியாள் ஒருவரான நிரலாளர் 35 டொலர் கட்டி அதைப் புதுப்பித்தார். காலாவதியான பெயரை ஏலத்தில் எடுக்க எண்ணுபவர்கள், இணைய ஆவணக் காப்பகத்தில் (Internet Archive) அந்தப் பெயரின் பழைய பக்கங்களைப் பார்த்துவிட்டே விலை கேளுங்கள். மோசடிக்குப் பயன்பட்ட பெயரை வாங்கினால், அதிலிருந்து போகும் மின்னஞ்சல்கூட ஒழுங்காகச் சேராது.

விற்கும் வேளை வந்தால் பணம் கைமாறும் ஒழுங்கே முக்கியம். நம்பகமான மூன்றாம் தரப்பு இடைநிலைச் சேவையில் வாங்குபவர் முதலில் பணம் செலுத்துவார். நீங்கள் பெயரை மாற்றிக் கொடுப்பீர்கள். கிடைத்ததை அவர் உறுதிசெய்ததும் பணம் உங்களுக்கு விடுவிக்கப்படும். அந்தச் சேவையின் முகவரியை நீங்களே தட்டிச் செல்லுங்கள். வாங்குபவர் அனுப்பும் இணைப்பு போலித் தளமாக இருக்கலாம். பெயரை வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்றத் தேவைப்படும் இரகசியக் குறியீட்டை, பணம் இடைநிலைச் சேவைக்கு வந்து சேர்வதற்கு முன் எவருக்கும் கொடுக்காதீர்கள். புதிதாகப் பதிவு செய்த பெயரை வேறு நிறுவனத்துக்கு மாற்ற வழக்கமாக 60 நாட்கள் பொறுக்க வேண்டும். அதே நிறுவனத்துக்குள் மற்றொரு கணக்குக்கு மாற்றுவது எளிது. இலங்கையிலிருந்து பேபாலில் பணம் பெறுவது நீண்ட காலமாகவே நமக்குச் சிக்கலாக இருந்துவந்திருக்கிறது. ஆகவே விலை பேசுவதற்கு முன்னரே, வங்கிக்கு நேராகப் பணம் அனுப்பும் சேவையா என்று பாருங்கள். கனடாவிலுள்ள மாமாவின் கணக்குக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று தொடங்கினால், வரிக் கேள்வி அவர் தலையில் விழும்.

புதியவர்களைக் குறிவைக்கும் மின்னஞ்சல்கள் மூன்று வகை. பெரிய தொகைக்கு வாங்குகிறேன், ஆனால் நான் சொல்லும் தளத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் எடுத்து அனுப்பு என்று ஒருவர் எழுதுவார். சான்றிதழுக்குக் கட்டிய பணத்தோடு ஆளும் மறைந்துவிடுவார். உங்கள் பெயரைச் சீனாவில் வேறொருவர் பதிவு செய்யப்போகிறார், உடனே எங்களிடம் பதியுங்கள் என்று இன்னொருவர் எழுதுவார். மூன்றாவது, புதுப்பிப்பதற்கான விலைச்சிட்டை போலவே இருக்கும், ஆனால் உங்கள் பதிவு நிறுவனம் அனுப்பியதாக இருக்காது. இந்த மூன்றுக்கும் பதில் எழுதவே வேண்டாம். பெயரின் காலாவதித் திகதியைப் பதிவு நிறுவனக் கணக்குக்குள் சென்று நீங்களே பாருங்கள். அந்தக் கணக்குக்கும் அதோடு இணைந்த மின்னஞ்சலுக்கும் இருபடிச் சரிபார்ப்பை இன்றே இயக்கிவிடுங்கள்.