முறுக்கிய மறுநாள் உடையும் போல்ட்

தலை வேறு, உடல் வேறாக ஓர் ஆலன் போல்ட் என் மேசைக்கு வந்தது. தலையில் 12.9 என்ற வலிமைத் தர முத்திரை. முந்தின நாள் மாலை சரியான அளவில்தான் முறுக்கியிருக்கிறார்கள். இரவில் இயந்திரம் ஓடவே இல்லை. காலையில் தலை தரையில் கிடந்தது.

"மட்டமான இரும்பு சார்" என்றார் மேற்பார்வையாளர்.

இரும்பில் குறையில்லை. உடைந்த முகத்தில் இழுபட்டு மெலிந்த அடையாளமே இல்லை. உருப்பெருக்கியில் பார்த்தால் கற்கண்டை உடைத்ததுபோல் மணிமணியாகப் பளபளத்தது. எஃகின் படிகமணிகளுக்கு இடையே புகுந்து விரிசல் ஓடியிருந்தது. இது ஹைட்ரஜனின் வேலை.

துரு நீக்க அமிலத்தில் முக்கும்போதும் மின்சாரத்தால் துத்தநாக முலாம் ஏற்றும்போதும் எஃகின் மேல் ஹைட்ரஜன் பிறக்கிறது. பெரும்பகுதி குமிழியாகப் போய்விடும். மிச்சம் அணு அணுவாக எஃகுக்குள் நுழைகிறது. போல்ட்டை இறுக்கியதும் இழுவிசை மிகுந்த இடங்களை, அதாவது தலைக்கு அடியிலுள்ள வளைவையும் முதல் மரையையும், நாடிப்போய்ச் சேர்கிறது. போய்ச்சேர நேரம் பிடிக்கும். அதனால்தான் மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில் தாமதித்து உடைகிறது. வழக்கமான இழுவிசைச் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடுவதால், இந்தக் கோளாறு அதில் சிக்காமல் தப்பிவிடும்.

புதிய செய்தியும் அல்ல. அமிலத்தில் நனைந்த இரும்புக் கம்பி நொறுங்குவதையும், உடைந்த முகத்தை ஈரமாக்கினால் குமிழி வருவதையும் வில்லியம் ஜான்சன் 1875இலேயே எழுதிவிட்டார். ஆனாலும் 2013 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பாலத்தில், முலாம் பூசிய 96 நங்கூரத் தண்டுகளில் 32 தண்டுகள் இறுக்கிய சில நாட்களில் உடைந்தன. நீர் தேங்கிய துளைகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவை அவை.

எங்கள் போல்ட்டுக்கு வருகிறேன். முலாம் பூசிய போல்ட்டை ஓவனில் சூடேற்றி, உள்ளே நுழைந்த ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். அந்த ஓவன் பதிவேட்டைக் கேட்டேன். 200 டிகிரி, எட்டு மணி நேரம் என்று ஒழுங்காகவே எழுதியிருந்தது. ஆனால் முலாம் பூசியது சனிக்கிழமை. ஓவனில் வைத்தது திங்கட்கிழமை! முலாம் முடிந்த நான்கு மணி நேரத்துக்குள் சூடேற்ற வேண்டும். கடினமேற்றிய எஃகுக்குள் ஏற்கெனவே இறுக்கம் இருக்கும். காத்திருக்கும் நேரத்தில் நுண்விரிசல் விழுந்துவிட்டால் எந்த ஓவனும் அதை ஒட்டவைக்காது.

வலிமைத் தரம் குறைந்த 8.8 போல்ட்டுக்கு இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. 10.9க்கும் 12.9க்கும் முலாம் பூசக் கொடுப்பவர்கள், பில்லோடு ஓவன் பதிவேட்டையும் கேளுங்கள். வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் எத்தனை மணிக்கு உள்ளே வைத்தார்கள் என்பதையும் பாருங்கள். 12.9க்கு மின்முலாமே வேண்டாம், மின்சாரமின்றிப் பூசும் துத்தநாகச் செதில் பூச்சு போதும் என்பது என் கட்சி. அந்தத் தொகுதியில் மிச்சமிருந்த போல்ட்டுகள் அத்தனையையும் வெட்டிப் போடச் சொன்னேன்.