எந்தத் தேதியில் புகார் கொடுத்தீர்கள்?

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் மாதம் ஒரு மாலை இலவச சட்ட ஆலோசனைக்கு உட்காருவேன். சென்ற ஆண்டு ஒரு கட்டுமான ஊழியர் வந்தார். ஒரு காவல்துறை விசாரணையில் தம் வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டாமலே கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்பது அவர் குறை.

"எப்போ தம்பி?"

"தீபாவளிக்கு முந்தின வாரம் சார்."

"எந்த அதிகாரி?"

"கண்ணாடி போட்டவர்."

"புகார் கொடுத்தீங்களா?"

"கவுண்டர்ல சொன்னேன் சார்."

கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். வாக்குமூலத்தை எழுதி, வாசித்துக் காட்டி, ஆங்கிலம் தெரியாதவருக்குப் புரியும் மொழியில் சொல்லி, அதன்பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்கிறது நம் குற்றவியல் நடைமுறைச் சட்டம். ஆனால் நாளும் பெயரும் இல்லாத புகாரை யார், எதை வைத்து விசாரிப்பது?

அப்புறம் அவர் ஒன்று கேட்டார்: "அந்த அதிகாரி மேல முன்னாடியே புகார் இருக்கான்னு பார்க்க முடியுமா சார்?"

நியூயார்க்கில் முடியும். அங்கே 1976 முதல் காவலர்களின் ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகளை ஒரு சட்டம் மூடி வைத்திருந்தது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் ஒரு காவலரால் கொல்லப்பட்ட பிறகு, 2020 ஜூனில் அதை ரத்து செய்தார்கள். இன்று ஒரு காவலரின் பெயரைத் தட்டினால் அவர்மீது வந்த புகார், அது நிரூபணமானதா இல்லையா, என்ன தண்டனை என்பதெல்லாம் வருகிறது. ஃபிளாய்டின் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திய மினியாபொலிஸ் காவலர்மீது அதற்கு முன்பே பதினைந்துக்கு மேற்பட்ட புகார்கள் இருந்தன. பெரும்பாலானவை நடவடிக்கை எதுவும் இல்லாமல் மூடப்பட்டவை. புகார் என்பதே குற்றம் ஆகிவிடாது, சரி. ஆனாலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்க யாராவது ஒருவருக்கு வழி இருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் அப்படிப் பெயர்வாரியான பொதுப் பட்டியல் கிடையாது. அரசிடம் தகவல் கேட்டுப் பெறும் தனிச் சட்டமும் இல்லை. புகாரைக் காவல்துறையின் உள்விவகாரப் பிரிவு விசாரிக்கலாம். லஞ்சம் என்றால் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவிடம் போகலாம். வழக்கு நீதிமன்றம் வரை போய் எழுத்துபூர்வத் தீர்ப்பு வந்தால் பொதுமக்கள் வாசிக்கலாம். வெளியே பேசி முடித்துக்கொண்டால் தீர்ப்பும் இல்லை, தடமும் இல்லை. விசாரணை முடிந்த புகார்களின் முடிவையாவது வெளியிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதுவரை உங்கள் பதிவு உங்கள் கையில்தான். புகாரை எழுத்தில் கொடுங்கள், நகலையும் வந்த பதிலையும் பத்திரப்படுத்துங்கள். அடிபட்டிருந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். உடல் காயத்துக்கு இழப்பீட்டு வழக்குப் போட பொதுவாக 3 ஆண்டுதான் அவகாசம். கோபத்தில் அதிகாரியின் படத்தையும் பெயரையும் ஃபேஸ்புக்கில் போட்டுவிடாதீர்கள். தொல்லைகளிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தில் அது உங்களுக்கே வழக்காகத் திரும்பலாம். பொய்ப் புகாரும் குற்றமே.

அடுத்த மாதம் அந்தத் தம்பி மறுபடி வந்தார், கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு. நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் ஊரிலிருக்கும் மனைவியை அழைத்தது நினைவுக்கு வந்ததாம். வாட்ஸ்அப்பைத் திறந்து காட்டினார். தேதியோடு இரவு 9.42 என்று இருந்தது. அந்த நேரத்தை முதல் வரியில் வைத்துப் புகாரை எழுதத் தொடங்கினோம்.