கல்யாணப் படத்தில் பின்னால் நிற்கும் வீடு

கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கத்து நாலுகெட்டு வீடுகள் (நடுமுற்றத்தைச் சுற்றி நாலுபுறமும் கட்டியவை) பெரும்பாலும் ஆசாரியின் மனக்கணக்கில் எழுந்தவை, வரைபடம் கிடையாது. பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறை பேணுகிறது. கோயில்களுக்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் படத்தொகுப்பு இருக்கிறது. இடித்துவிட்ட ஒரு வீட்டின் படிப்புரைக்கும் (நுழைவாயில் கட்டு) கடைந்தெடுத்த மரத்தூணுக்கும் குடும்ப ஆல்பத்தை விட்டால் சாட்சி இல்லை. இங்கிலாந்தில் 1941-ல், குண்டுவீச்சுக்கு நடுவே இயங்கத் தொடங்கிய தேசியக் கட்டடப் பதிவகம், தனியாரிடமிருந்த படங்களையும் நகலெடுத்துச் சேர்த்தது. அந்த வேலை இங்கே இன்னும் தெருத்தெருவாகச் செய்யவேண்டியிருக்கிறது.

படத்தை இரவல் வாங்காதீர்கள். படம் இருக்கும் வீட்டிலேயே நகலெடுங்கள். கேமராவை ஸ்டாண்டில் கீழ்நோக்கிப் பொருத்தி, படம் வைக்கும் இடத்தில் ஒரு சிறு கண்ணாடியை வையுங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் நடுவில் தெரிந்தால் கேமரா கோணாமல் இருக்கிறது. இருபுறமும் 45 டிகிரியில் ஒரே வகை விளக்குகள். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். அங்குலத்துக்கு 600 புள்ளியாவது (பிக்சல்) வேண்டும். 6000 × 4000 புள்ளி எடுக்கும் கேமராவுக்கு 6 × 4 அங்குலப் படம் தாராளம். 10 × 8 என்றால் 500 புள்ளிதான் வரும், இரண்டு பகுதியாக எடுத்து இணைக்கவேண்டும்.

இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில், ஃபிரேம் போட்ட படம் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். பிரித்தால் படத்தின் மேல்பூச்சு உரிந்து கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடே எடுங்கள். கேமராவைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டினால் பிரதிபலிப்பு விழாது.

ஆட்களை மட்டும் வைத்து ஓரத்தை வெட்டிவிடுவதுதான் பெரிய இழப்பு. கூரை ஓடும் உத்தரமும் முற்றமும் அந்த ஓரத்தில்தான் இருக்கும். அட்டையிலுள்ள ஸ்டுடியோ முத்திரை, பின்பக்க எழுத்து எல்லாவற்றையும் எடுங்கள். மங்கிய படத்தைத் தானாகச் சீராக்கும் செயலிகள், தூணில் இல்லாத செதுக்குவேலையை வரைந்துவிடும். ஆவணத்துக்கு அது பொய்ச்சாட்சி. மூலக் கோப்பை டிஃப் (TIFF, தரம் குறையாமல் படத்தைச் சேமிக்கும் கோப்பு வகை) வடிவில் தொடாமல் வையுங்கள்.

ஊர், தெரு, வாசல் பார்த்த திசை, படமெடுத்தவர் நின்ற இடம் ஆகியவற்றை அங்கேயே கேட்டு எழுதுங்கள். படத்தில் தெரிவதையும் வீட்டார் சொன்னதையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

1957 பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். வாழ்த்தட்டை, பத்திரிகைப் படங்களுக்கு இது பொருந்தும் என்று நினைத்துவிடக்கூடாது. சேமிக்க, ஆய்வுக்குக் கொடுக்க, இணையத்தில் போட என மூன்றுக்கும் தனித்தனிக் கையெழுத்து வாங்குங்கள். முதலிரண்டுக்குச் சரியென்றவர் மூன்றாவதை மறுத்தால், அந்தப் படத்தையும் விடாமல் எடுத்துவையுங்கள்.