ஓக் படிக்கட்டு: விலை கேட்கும் முன் உயரத்தை அளந்து பாருங்கள்

லண்டனிலோ ரொறன்ரோவிலோ சொந்தக்காரர் வீட்டில் ஓக் படிக்கட்டைப் பார்த்து வந்தவர்கள் கொழும்பில் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கட்டும் வீட்டுக்கு அதையே கேட்கிறார்கள். "அண்ணை, ஒரு படிக்கு எவ்வளவு வரும்?" என்பதுதான் முதல் கேள்வி. வீட்டு மரவேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்பவன் நான். இதற்கு வாய்மொழியாக ஒரு தொகை சொல்வதில்லை. ஓக் இங்கு விளையும் மரமல்ல. அமெரிக்காவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வருவது, டொலரோடு சேர்ந்து ஏறும், இறங்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் ஆட்கள் பலகை விலையில் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது, காசு வேறு இடத்தால் போய்விடுகிறது. லண்டன், ரொறன்ரோ பக்கம் பல வீடுகளில் படிக்கட்டு முழுவதுமே மரம். கொழும்பில் படி கொங்கிரீட். மரம் அதற்குப் போடும் மேற்சட்டைதான். சட்டையின் தடிப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

டைல்ஸ் பதித்து முடிந்த ஒரு வீட்டை எடுங்கள். எல்லாப் படிகளும் 7 அங்குல உயரம். அவற்றின் மேல் ஒன்றரை அங்குல ஓக் பலகை ஒட்டினால் நடுப்படிகளுக்கு ஒன்றும் ஆகாது, 7 அங்குலமாகவே இருக்கும். முதற்படி எட்டரை அங்குலமாகிவிடும். மேல்மாடியைத் தொடும் கடைசிப் படி ஐந்தரைக்கு இறங்கிவிடும். கால் ஒரே உயரத்துக்குப் பழகிவிட்ட பிறகு 3 அங்குல வித்தியாசம் என்றால், இரவில் தண்ணீர் குடிக்க இறங்கும் அம்மம்மா விழுவதற்கு வேறு காரணம் தேவையில்லை. இதைச் சரிசெய்ய டைல்சையும் அடிச்சாந்தையும் உடைத்தெடுக்க வேண்டும். உடைப்புக் கூலி, கழிவு ஏற்றும் லொறி, திரும்பவும் மேசன் வேலை என்று போகும் செலவு எந்த மரவேலைக் கொட்டேஷனிலும் இராது. சில மேசன் பாஸ்மார் கொங்கிரீட்டையே செதுக்கிச் சமாளிக்கப் பார்ப்பார்கள். உள்ளே கம்பி இருக்கிறது. எஞ்சினியரைக் கேட்காமல் அதற்கு விடாதீர்கள்.

புது வீடென்றால் இந்தச் செலவே வராது. கொங்கிரீட் வார்க்க ஷட்டரிங் பலகை அடிக்கும்போதே முதற்படியைப் பலகைத் தடிப்பளவு குறைத்து, கடைசிப் படியை அதேயளவு கூட்டி வார்க்கச் சொல்லலாம். கீழ், மேல் தரைகளுக்கு வரும் டைல்ஸ் தடிப்பையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இனிப் பலகைக் கணக்கு. 10 அடி உயரம் ஏற ஏறக்குறைய 7 அங்குலத்தில் 17 எழும்பல் வரும். கடைசி எழும்பல் மேல்மாடித் தரையில் முடிவதால், கால் வைக்கும் மிதிபலகை 16தான். 3 அடி நீளம், 11 அங்குல அகலம், ஒன்றரை அங்குலத் தடிப்பு என்றால் மிதிபலகைகளுக்கு மட்டும் ஐந்தரை கன அடி. ஆனால் ஒன்றரை அங்குலமாகச் சீவி எடுக்க, அறுத்த பலகையை 2 அங்குலத்தில்தான் வாங்க வேண்டும். அப்போதே ஏழேகால் கன அடியைத் தாண்டிவிடும். 11 அங்குலத்தில் ஒற்றைப் பலகை கிடைப்பது அரிது. இரண்டு மூன்றை ஒட்டித்தான் அகலம் எடுப்பார்கள். அதிலும் ஓரம், முடிச்சு, வெடிப்பு என்று கழியும். ஆகவே கொட்டேஷனில் இருப்பது அறுத்த தடிப்பா, முடித்த தடிப்பா என்று எழுத்தில் வாங்குங்கள். எழும்பலை மூடும் செங்குத்துப் பலகை, கைபிடி, பொலிஷ் சேர்ந்ததா, 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமான வற் வரி சேர்ந்ததா என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

மலிவாக ஓக் தருகிறோம் என்றால் கொஞ்சம் நில்லுங்கள். 'மலேசியன் ஓக்' என்ற பெயரில் விற்பது றப்பர் மரம். நம் களுத்துறையிலும் கேகாலையிலும் நிற்கும் அதே மரம். முறையாக மருந்தேற்றினால் நல்ல மரம்தான், ஓக் விலை கொடுக்கத்தான் தேவையில்லை. சந்தேகமென்றால் இரும்புக் கம்பிப் பஞ்சை வினாகிரியில் ஓரிரு நாள் ஊறவைத்து, பொலிஷ் போடாத துண்டொன்றில் பூசிப் பாருங்கள். இரும்போடு சேர்ந்தால் கறுக்கும் தனின் என்ற பொருள் ஓக்கில் அதிகம் இருப்பதால் கறுக்கும். றப்பர் மரத்தில் அந்தளவுக்குக் கறுக்காது. இதே காரணத்தால் ஓக்கில் சாதாரண இரும்பு ஆணி அடித்தால், ஈரம் பட்டதும் கருநீலக் கறை ஊறி வரும். துருப்பிடிக்காத எஃகு ஆணிக்குக் காசு கொடுங்கள்.

சூளையில் உலர்த்திய ஓக் வரும்போது ஈரப்பதன் பெரும்பாலும் 6 முதல் 12 வீதம்வரை இருக்கும். கொழும்புக் காற்று அதை 14 வீதத்துக்கு மேல் ஏற்றிவிடும், பலகை உப்பும். பொருத்துமுன் சில வாரமாவது வீட்டுக்குள்ளேயே காற்றோடும்படி பலகைகளுக்கிடையில் குச்சி வைத்து அடுக்க வேண்டும். கொங்கிரீட்டுக்குச் சொல்லும் 28 நாள் என்பது பலத்துக்கான கணக்கு. அது காய்ந்துவிட்டது என்று அர்த்தமல்ல. ஈரமானி வைத்துப் பார்க்காமல் ஒட்டும் பாஸை நான் நம்பமாட்டேன், அதுவும் ஒக்டோபர், நவம்பர் மழைக்குள்.

என்னைக் கேட்டால், ஏசி பூட்டி அடைத்து வைத்திருக்கும் வீட்டுக்கு ஓக் சரி. கடற்காற்றுக்கு ஜன்னல் திறந்தே கிடக்கும் வெள்ளவத்தை வீட்டுக்குத் தேக்கு போடச் சொல்வேன். கறையானுக்கும் அதுதான் நின்றுபிடிக்கும். ஓக்தான் வேண்டுமென்றால், மொறட்டுவையிலோ வேறெங்கோ உங்கள் பலகை கிடக்கும் பட்டறைக்குப் போய், தடிப்பை அளந்து, ஈரமானியையும் வைத்துப் பார்த்த பிறகு மரத்துக்கான முற்பணத்தைக் கொடுங்கள்.