ஏறிய ரத்தம் இறங்க வழி வேண்டும்

மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 750 மில்லி ரத்தம் ஏறுகிறது. ஏறியது அத்தனையும் இறங்கியாக வேண்டுமே! நாம் படுத்திருக்கும்போது அதில் பெரும்பகுதி, கழுத்தின் இருபுறமும் உள்ள ஜுகுலர் சிரைகள் வழியாகத்தான் இறங்குகிறது. வாய், குரல்வளைப் புற்றுநோய் பரவினால் முதலில் போய் உட்காருவதும் இந்தச் சிரையை ஒட்டி வரிசையாக இருக்கும் நிணநீர் முடிச்சுகளில்தான்.

அந்த முடிச்சுகளை அறுவை செய்து எடுக்க வேண்டும். 1906-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிரைல் விவரித்த முறையில் முடிச்சு, சிரை, தசை எல்லாம் ஒரே கட்டாக வெளியே வந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் என்றால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். மறுபக்கச் சிரை இருக்கிறது. முதுகெலும்பைச் சுற்றி ஒரு சிரைவலையும் இருக்கிறது. (நிமிர்ந்து நிற்கும்போது ஜுகுலர் சிரை சப்பையாகிவிடும், அப்போதெல்லாம் இந்த வலைதான் பெரும்பாலான வேலையைப் பார்க்கிறது.)

இரண்டு பக்கச் சிரைகளையும் ஒரே நாளில் எடுத்தால் கதை வேறு. முகம் ஊதி நீலம் பாரிக்கும், குரல்வளை வீங்கி மூச்சுப்பாதையை அடைக்கும், மண்டைக்குள் அழுத்தம் ஏறும். அரிதாகப் பார்வையே போயிருக்கிறது. அதனால் ஒன்றையாவது காப்பாற்றுவார்கள். முடியாவிட்டால், மாற்றுவழிகள் விரிய அவகாசம் கொடுத்துச் சில வாரம் கழித்து மறுபக்கத்தைத் தொடுவார்கள்.

காப்பாற்றுவது எப்படி? 1960-களில் அர்ஜென்டினாவின் ஓஸ்வால்டோ சுவாரெஸ் காட்டிய வழி இது: முடிச்சுகள் கிடப்பது மெல்லிய உறைகளுக்குள். நோய் உறையைத் தாண்டவில்லை என்றால், சிரையின் மேலிருந்து அந்த உறையைத் தோல் உரிப்பதுபோல் உரித்தெடுக்கலாம். பொறுமையான வேலை. சிரைச் சுவரோ மெல்லியது. வந்து சேரும் கிளைகளைச் சுவரோடு ஒட்டிக் கட்டினால் சிரை இடுங்கும். தள்ளிக் கட்டினால் மிஞ்சும் குட்டைப் பையில் ரத்தம் தேங்கி உறையலாம். கிழிந்தாலோ, ரத்தம் வருவதோடு காற்றும் உள்ளே இழுக்கப்படலாம். உடனே விரலால் அழுத்திக்கொண்டு தலைப்பக்கத்தைத் தாழ்த்தச் சொல்வார்கள்.

கட்டி சிரையோடு ஒட்டிவிட்டால் தயக்கமே கிடையாது, சிரை போகத்தான் வேண்டும். நோயை விட்டுவைத்துச் சிரையைக் காப்பதில் அர்த்தமில்லை.

அப்புறம் வார்டில், தலைமாட்டைச் சுமார் 30 டிகிரி உயர்த்தி வைப்பார்கள். மூச்சுவிடக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் செருகியிருந்தால், அதைப் பிடித்திருக்கும் கழுத்துப்பட்டிக்குள் விரல் நுழைகிறதா என்று நர்ஸ் பார்ப்பார். பட்டி இறுகினால், மணிக்கணக்காகக் காப்பாற்றிய சிரையை வெளியிலிருந்தே நெரித்துவிடும்.