டெட்லைன்: கோடு கிழித்தது யார்?

டெட்லைன்: ஒரு வேலை முடிந்தாக வேண்டிய கடைசி நேரம். தமிழில் கெடு, காலக்கெடு, இறுதி நாள்.

அகராதி இத்தோடு நிறுத்திக்கொள்ளும். அலுவலகம் நிறுத்தாது. அங்கே டெட்லைன் அடைமொழி இல்லாமல் வெளியே வருவதில்லை. 'ஹார்ட் டெட்லைன்' என்றால் நிஜமாகவே கடைசி. அப்படியென்றால் வெறும் டெட்லைன் கடைசி இல்லை என்றுதானே ஆகிறது? 'சாஃப்ட் டெட்லைன்' சும்மா சொல்லி வைத்தது. 'இன்டர்னல் டெட்லைன்' கிளையன்ட்டுக்குச் சொன்ன தேதிக்கு நாலு நாள் முன்னால், டீமைப் பயமுறுத்த மட்டும் மேனேஜர் வைத்துக்கொள்வது. டீமுக்கும் அது தெரியும். மீட்டிங்கில் ஒருவர் 'அக்ரெசிவ் டைம்லைன்' என்று சொன்னால், அது நடக்காது என்று அவருக்கே தெரிந்துவிட்டது என்று பொருள்.

சொல்லின் பிறப்போ இந்த விளையாட்டுக்கெல்லாம் அப்பாற்பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864 பிப்ரவரியில், ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில்லில் தென்தரப்பினர் ஒரு போர்க்கைதி முகாம் திறந்தார்கள். மரக்கட்டைகளை நட்டு எழுப்பிய உயரமான மதில். மதிலுக்கு உள்ளே ஏறக்குறைய இருபது அடி தள்ளி, குட்டைக் கம்பங்களின் மேல் பலகைச் சட்டம் அடித்து ஒரு வேலி. அந்த வேலிக்குத்தான் 'டெட் லைன்' என்று பெயர். கைதி அதைத் தாண்டினாலோ, ஏன், எட்டித் தொட்டாலோகூட, மதில் மேல் காவல் கூண்டில் நிற்பவன் சுடலாம். எச்சரிக்கை செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முகாமில் அடைபட்டவர்கள் சுமார் 45,000 பேர். செத்தவர்கள் கிட்டத்தட்ட 13,000 பேர். பெரும்பாலோரைக் கொன்றது துப்பாக்கி அல்ல. பசி, வயிற்றுப்போக்கு, ஸ்கர்வி என்னும் வைட்டமின் குறை நோய். ஆனாலும் போர் முடிந்து 1865-இல் முகாம் தளபதி ஹென்றி விர்ஸ் மீது வாஷிங்டனில் நடந்த விசாரணையில் அந்தக் கோடு குற்றச்சாட்டாகவே எழுதப்பட்டது. அதில் ஒரு விவரம் இருக்கிறது: பல இடங்களில் ஆடிக்கொண்டிருந்த பலகைதான் எல்லை, சில இடங்களில் அதுவும் கிடையாது, கோடு வெறும் கற்பனை. எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாத கோட்டைத் தாண்டியதற்காகச் சுடப்பட்டார்கள். அந்த ஆண்டு நவம்பர் 10 அன்று விர்ஸைத் தூக்கில் போட்டார்கள்.

அச்சுக்கூடத்திலும் பின்னாளில் ஒரு டெட்லைன் இருந்தது. இயந்திரப் படுகையில் போட்டிருக்கும் கோடு அது. அதற்கு வெளியே போன எழுத்து தாளில் சரியாக விழாது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்கள் இந்தச் சொல்லை நேரத்துக்கு ஆக்கிக்கொண்டன: இந்த மணிக்குப் பிறகு வரும் செய்தி இன்றைய பதிப்பில் ஏறாது. இன்று நாம் சொல்லும் டெட்லைன் அங்கிருந்து வந்தது. பத்திரிகைக்காரர்களுக்கு அது பொருந்தவும் செய்தது. பேப்பர் கட்டு ரயில் ஏறியாக வேண்டும். ரயில் யாருக்காகவும் நிற்காது. பவர்பாயிண்ட் ஸ்லைடுக்கு எந்த ரயில் காத்திருக்கிறது?

இனி தமிழுக்கு வருவோம்.

'கெடு' என்றதும் கெடுதல், கேடு என்று நினைத்துச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே பொருளில் 'கடுவு' வழங்குகிறது. கெடுவை அந்த உறவில் வைத்துப் பார்ப்பதுதான் சரியாகப் படுகிறது. 'காலக்கெடு' என்பதில் காலம் மிகை. கெடு என்றாலே காலவரைதான். ஆனால் செய்தித்தாள்கள் அதை நிலைநிறுத்திவிட்டன, இனி சண்டை போட்டுப் பயனில்லை.

கெடுவின் அருமை அதன் வினையில் இருக்கிறது. கெடு வைப்பார்கள், விதிப்பார்கள், கொடுப்பார்கள். அதாவது வைத்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும். 'வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் உனக்குக் கெடு' என்று கடன் கொடுத்தவர் வாசலில் நின்று சொல்லும்போது, யார் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார் என்பதில் சந்தேகமே வராது. அலுவலக டெட்லைனுக்கு இப்படி ஆள் கிடையாது. 'டெட்லைன் வந்துடுச்சு', 'டெட்லைன் டைட்டா இருக்கு' என்கிறார்கள், என்னவோ ஐப்பசி மழை மாதிரி அது தானாக வந்ததுபோல. இந்தத் தேதியை யார் ஒத்துக்கொண்டது, யாரைக் கேட்டு ஒத்துக்கொண்டது என்ற கேள்வி எழாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்தச் சொல்லின் உண்மையான வேலை என்று எனக்குத் தோன்றுகிறது.

கெடு மேலிருந்து கீழே வருவது. 'தவணை' அப்படியல்ல, அது கேட்டு வாங்குவது, அல்லது பிரித்துக் கட்டுவது. தவணை சொல்லுகிறவன் கடன் வாங்கியவன். இலங்கைத் தமிழில் பள்ளிப் பருவமும் தவணைதான். முதலாம் தவணைப் பரீட்சை எழுதாமல் அங்கே யாரும் பெரியவர்கள் ஆனதில்லை. 'வாய்தா' கோர்ட்டுக்கு உரியது. அரபியில் வாக்குறுதி என்று பொருள்படும் சொல் உருது வழியாக வந்து, நம்மூரில் வழக்கைத் தள்ளிப்போடுவதற்குப் பெயராகிவிட்டது. வாக்குக் கொடுப்பதற்கும் ஒத்திப்போடுவதற்கும் இடையில் அதிக தூரம் இல்லை என்பதை வக்கீல் குமாஸ்தாக்கள் அறிவார்கள். அலுவலகத்தில் 'எக்ஸ்டென்ஷன்' கேட்பது சுத்தமான வாய்தா.

'அவகாசம்' இன்னொரு வகை. வடமொழியில் அதற்கு இடைவெளி, இடம் என்று பொருள்; தமிழில் நேரத்துக்கு வந்துவிட்டது. பாலக்காடு தாண்டிவிட்டால் அவகாசம் என்றால் உரிமை. மேனேஜரிடம் அவகாசம் கேட்கப் போகிறவர் மனத்துக்குள் மலையாளத்தில் நினைத்துக்கொண்டு போகலாம், தவறில்லை.

இவ்வளவு சொற்களையும் மூட்டைகட்டி வைத்துவிட்டு ஒரே டெட்லைனை வைத்து ஓட்டுவதில், வைத்த கெடுவும் ஒப்புக்கொண்ட தேதியும் கேட்டு வாங்கிய தவணையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. நான் தவறவிட்டது நானே சொன்ன தேதியா, என் தலையில் கட்டிய தேதியா? அப்ரைசல் படிவத்தில் இரண்டும் 'மிஸ்டு டெட்லைன்'தான்.

டெட்லைனின் தம்பி 'ஈஓடி', அதாவது 'எண்ட் ஆஃப் டே'. நாள் முடிவதற்குள் என்று அர்த்தம். யார் நாள்? சென்னையின் ஐடி சாலையான ஓஎம்ஆரில் உட்கார்ந்திருப்பவருக்கு நியூயார்க்கிலிருந்து 'பை ஈஓடி ப்ளீஸ்' என்று ஒரு வரி வருகிறது. இங்கே மாலை ஏழு மணி, கேப் வந்து கீழே நிற்கிறது. குளிர்காலத்தில் இரண்டு ஊருக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். அனுப்பியவருடைய சாயங்காலம் ஐந்து மணி நமக்கு மறுநாள் விடியற்காலை மூன்றரை. கோடையில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பதால் இரண்டரை. நம்முடைய ஈஓடி என்று எடுத்துக்கொண்டால் இப்போதே உட்கார வேண்டும். அவருடையது என்றால் சாப்பிட்டுவிட்டு விடிய விடிய உட்காரலாம். எந்த நாள் என்று கேட்டு எழுதினால் 'சென்ஸ் ஆஃப் அர்ஜென்சி இல்லை' என்ற பெயர் வரும். அதனால் யாரும் கேட்பதில்லை.

'எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம்' என்னும் 'ஏஎஸ்ஏபி' அமெரிக்கப் பட்டாளத்துச் சுருக்கம். 'வார் ரூம்' பெயரிலேயே போர். 'ஸ்ட்ராட்டஜி' கிரேக்கத் தளபதியின் வித்தை. நாமும் சளைத்தவர்கள் இல்லை. அதைத் தமிழாக்கும்போது தேடிப் பிடித்து 'வியூகம்' என்றோம், அதுவும் படை அணிவகுப்புதான். ஏசி அறையில் எக்செல் நிரப்புகிறவருக்கு இத்தனை ஆயுதம் எதற்கு என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

எதை எப்போது எழுதுவது? ஒருவர் விதித்தால் கெடு. இருவரும் பேசி முடிவு செய்தால் குறித்த நாள். விண்ணப்பம், கட்டணம் என்றால் அரசு அறிவிப்புகள் எழுதும் 'கடைசி நாள்' போதும், அதைவிடத் தெளிவாக எதுவும் இல்லை. 'டெட்லைனை மீட் பண்ணினோம்' என்பதைக் 'காலக்கெடுவைச் சந்தித்தோம்' என்று எழுதுகிறவர்களை மட்டும் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். 'சொன்ன நாளில் முடித்தோம்', அவ்வளவுதான்.

பெரும்பாலான நேரத்தில் பெயர்ச்சொல்லே தேவைப்படாது. தமிழில் 'க்குள்' இருக்கிறது. 'புதன்கிழமைக்குள் கொடுங்கள்' என்றால் டெட்லைன் அதிலேயே அடங்கிவிட்டது. புதன்கிழமையும் சேர்த்தியா என்று யாராவது இழுப்பார்கள். 'புதன் மாலை ஐந்து மணிக்குள், சென்னை நேரம்' என்று எழுதிவிட்டால் அந்த வாய்தாவும் கிடையாது.